ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் எதிரில் நிற்கும் ஆளும்: பழைய பைக் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய பைக் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்கிறார்கள். அவர் கிக்கரை உதைத்து, சைலன்சர் புகையைப் பார்த்து, செயினை விரலால் தூக்கிப் பார்த்து, "என்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதும் விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என்ஜினில் கோளாறு இருந்தால் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ செலவு செய்து சரிசெய்துகொள்ளலாம். உரிமையில் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்யும் பட்டறை எங்கும் கிடையாது. ஆகையால் தமிழ்நாட்டில் பழைய பைக் வாங்குகிறவர் முதலில் ஆளையும், அடுத்துக் காகிதத்தையும், அதன் பிறகே வண்டியையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் செல்கிறது.

சட்டம் யாரை உரிமையாளர் என்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரையே அதன் உரிமையாளர் என்று வரையறுக்கிறது. தவணைக் கடனில் இருக்கும் வண்டிக்கோ, அதை ஒப்பந்தப்படி கையில் வைத்திருப்பவர் உரிமையாளராகிறார். பணம் கொடுத்தது, சாவி வாங்கியது, இரண்டு ஆண்டுகளாக ஓட்டிவருவது எதுவும் பதிவேட்டிலுள்ள பெயரை மாற்றாது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. அந்த வழக்கில் கார் ஒன்று அடுத்தடுத்துக் கைமாறிய பிறகு விபத்துக்கு உள்ளானது. பதிவேட்டில் முதல் உரிமையாளரின் பெயரே நீடித்ததால், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பானது.

இந்தத் தீர்ப்பால் கலங்க வேண்டியவர் விற்பவர்தான் என்றாலும், வாங்குபவருக்கு இதில் ஒரு நல்ல உரைகல் கிடைக்கிறது. பெயர் மாற்றாவிட்டால் விபத்துப் பழியும் அபராதமும் தன் தலையில் விழும் என்று தெரிந்த உண்மையான உரிமையாளர், "சீக்கிரம் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று தாமே அவசரப்படுத்துவார். "அதெல்லாம் மெதுவா மாத்திக்கலாம் சார், ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்பவர் ஒன்று விவரம் அறியாதவராக இருப்பார், அல்லது பதிவேட்டில் இருப்பது அவர் பெயராகவே இருக்காது.

தொலைபேசியிலேயே கேட்க வேண்டிய கேள்வி

வண்டியைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன்பே, "ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டுவிட வேண்டும். ஆர்.சி. என்பது வண்டியின் பதிவுச் சான்று. "என் பெயரில்தான்" என்றால் ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதோடு அந்தச் சோதனை முடிந்துவிடும். "அண்ணன் பெயரில்", "மச்சான் பெயரில்" என்றால் அந்த அண்ணனோ மச்சானோ நேரில் வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அவர் ஊருக்கு வரும்வரை காத்திருப்பதே நல்லது. மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது மூன்றாவது வகைப் பதிலுக்குத்தான்: "பார்ட்டி பெயர்ல இருக்கு சார், ஃபார்ம்ல எல்லாம் சைன் வாங்கி வச்சிருக்கேன்."

இங்கே ஃபார்ம் என்பது உரிமை மாற்றத்துக்கான படிவம் 29ஐயும் படிவம் 30ஐயும் குறிக்கும். 29 என்பது வண்டியை விற்றுவிட்டதாக அறிவிக்கும் படிவம். 30 என்பது பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். பதிவு பெற்ற உரிமையாளரிடம் இவற்றில் வெற்றுக் கையெழுத்து வாங்கிவைத்துக்கொண்டு, வாங்குபவரின் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, வண்டியைக் கைமாற்றிக்கொண்டே போவது புரோக்கர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஆர்.சி.யில் ஒரே ஒரு உரிமையாளர் தெரிவார். உண்மையில் வண்டி நான்கு கைகளைக் கடந்திருக்கும். "சிங்கிள் ஓனர்" என்ற விளம்பரத்தின் பின்னால் இப்படிக் காகிதத்தில் ஏறாத கைகள் இருக்கின்றனவா என்பதே நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

கையெழுத்துப் போட்ட முதல் உரிமையாளர் இதற்கிடையில் இறந்துபோயிருக்கலாம், வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருக்கலாம், அல்லது வண்டியோடு இணைந்த கைப்பேசி எண்ணை விட்டிருக்கலாம். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் விண்ணப்பிக்கும்போது அவருடைய எண்ணுக்கு வரும் கடவுச்சொல் கிடைக்காவிட்டால், கையெழுத்திட்ட படிவம் வெறும் தாளாகிவிடும். ஆகையால் புரோக்கர் மூலம் வாங்கினாலும் பதிவு பெற்ற உரிமையாளரோடு ஒருமுறையாவது பேசி, "எப்போது விற்றீர்கள், யாரிடம் விற்றீர்கள், எவ்வளவு ஓடியிருந்தது?" என்று கேட்டுவிட வேண்டும். இந்த ஓர் உரையாடலில் வெளிவரும் உண்மைகள், மூன்று மெக்கானிக்குகள் சேர்ந்து பார்த்தாலும் வெளிவராது.

கடை வைத்துப் பழைய வண்டி விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியை விற்பனைக்கு எடுத்துக்கொள்ளும்போது அந்தத் தகவலை இணையவழியில் பதிவு செய்ய வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் அந்தச் சான்றைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியவை

விற்பவரிடம் ஆர்.சி.யின் இரு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்பத் தயங்குபவரிடம் செல்லும் பெட்ரோல் செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்திக்கொள்ளலாம். படம் வந்ததும் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணை உள்ளிட்டால் வண்டியின் விவரம் திரையில் வரும். உரிமையாளரின் பெயரில் பல எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். ஆயினும் தெரியும் எழுத்துகளையும் பெயரின் நீளத்தையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டாலே பொருந்துகிறதா என்பது தெரிந்துவிடும்.

அந்தத் திரையில் அவசரமாகக் கடந்துவிடக் கூடாத இடங்கள் சில உண்டு. இப்போதைய உரிமையாளர் எத்தனையாவது ஆள் என்பதை உரிமையாளர் வரிசை எண் காட்டும். பதிவு நடப்பில் இருக்கிறதா, தடையில்லாச் சான்று பெற்று வேறு இடத்துக்குப் போய்விட்டதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பது நிலையைக் குறிக்கும் கட்டத்தில் தெரியும். காப்பீடும் புகைச் சான்றும் எந்தத் தேதிவரை செல்லும் என்பதும், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் அங்கேயே இருக்கும். பதிவு செல்லுபடியாகும் கடைசி நாளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தனிநபர் இருசக்கர வாகனத்துக்கு முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் "எஃப்.சி. போடுவது" என்பது இதைத்தான். 2010இல் பதிவான வண்டியை இன்று மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால், எஃப்.சி. போட்டுக் கொடுக்கிறார்களா, அந்தச் செலவும் பசுமை வரியும் நம் தலையிலா என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

அடுத்தது அபராதம். மின்னணு அபராதச் சீட்டுகளைக் காட்டும் அரசுத் தளத்தில் பதிவெண்ணோடு, வண்டியின் உடற்சட்டகத்தில் பொறித்த சேஸ் எண்ணின் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கொடுத்தால் நிலுவைகள் வரிசையாகத் தெரியும். தலைக்கவசம் அணியாத குற்றத்துக்குத் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய் என்பதால், நான்கைந்து சீட்டுகள் சேர்ந்தாலே பழைய வண்டியின் விலையில் கணிசமான பங்கு போய்விடும். நிலுவை இருக்கும்போது பெயர் மாற்றமும் தடைப்படலாம். சீட்டுகளில் இருக்கும் இடங்களையும் தேதிகளையும் கவனிப்பதில் வேறொரு பயனும் உண்டு. "மதுரையை விட்டு வண்டி வெளியே போனதே இல்லை" என்று விற்பவர் சொல்லும்போது, சென்ற ஆண்டின் அபராதம் ஓசூரில் விதிக்கப்பட்டிருந்தால், இடையில் ஒரு கை மறைந்திருக்கிறது என்று பொருள்.

திருட்டு வண்டியா என்று பார்க்கத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இணையவழிச் சேவை ஒன்றை வைத்திருக்கிறது. பதிவெண், சேஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றைக் கொடுத்தால், எந்த மாநிலத்திலாவது காவல் நிலையத்தில் பதிவான திருட்டு வண்டியோடு அது பொருந்துகிறதா என்று சொல்லும். மூன்று எண்களையும் கொடுத்துத் தேடுவது முக்கியம். திருடப்பட்ட வண்டியில் வேறு நம்பர் பிளேட்டை மாட்டியிருந்தால், பதிவெண்ணை மட்டும் வைத்துத் தேடுவது நேர்மையான ஒருவரின் வண்டியைத்தான் காட்டும்.

ஆர்.சி. கையில் வந்ததும்

அசல் ஆர்.சி. வேண்டும்; ஜெராக்ஸோ கைப்பேசிப் படமோ போதாது. நம் ஊர்களில் அவசரப் பணத்துக்கு ஆர்.சி.யை உள்ளூர் வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வங்கிக் கடன் என்றால் அது ஆர்.சி.யில் எச்.பி. என்று பதிவாகும். கைமாற்றுக் கடன் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, அசல் ஆர்.சி. கையில் இல்லாதது ஒன்றே அதன் அடையாளம். "தொலைந்துவிட்டது, டூப்ளிகேட் எடுத்துத் தருகிறேன்" என்றால், அவர் எடுத்துத் தரும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.

எச்.பி. இருந்தால் கடன் முடிந்துவிட்டது என்ற வாய்மொழியை ஏற்க வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், அது கையொப்பமிட்ட படிவம் 35ம் இருந்தால்தான் பதிவு அதிகாரி எச்.பி.யை நீக்குவார். கடைசித் தவணையைக் கட்டியதோடு மறந்துவிட்டு, ஆறேழு ஆண்டுகளாக நிறுவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். விற்பவர் நேர்மையானவராகவே இருந்தாலும், எச்.பி. நீக்கம் அவருடைய வேலை. அதை முடித்துக் கொடுத்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஆர்.சி.யிலுள்ள நிறம், உற்பத்தி மாதமும் ஆண்டும், என்ஜின் கொள்ளளவு ஆகியவற்றை வண்டியோடு ஒப்பிட வேண்டும். உற்பத்தி ஆண்டைச் சரிபார்க்க எளிய தடயங்கள் உண்டு. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது கட்டாயமானது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. "2019 டிசம்பர் மாடல்" என்று சொல்லப்படும் 150 சிசி வண்டியில் ஏ.பி.எஸ். இல்லை என்றால், சொன்ன ஆண்டு தவறு, அல்லது வண்டியின் முன்பாதி வேறொன்று. விளக்குக்குச் சுவிட்ச் மட்டும் இருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பலர் அதைப் பின்னால் தாமே பொருத்திக்கொள்கிறார்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் உண்டு. அதில் நீல நிறத்தில் இந்தியாவின் குறியீடும், சக்கர ஹோலோகிராமும், லேசரால் பொறித்த தனி எண்ணும் இருக்கும். ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத ஸ்னாப் லாக்கில் அது பொருத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தில் சாதாரண நட்டும் போல்டும் இருந்தால் காரணம் கேளுங்கள். கீழே விழுந்து பிளேட் உடைந்தது என்பது நியாயமான பதில்தான்; அப்படியானால் விழுந்த கதையையும் முழுமையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

சேஸ் எண்ணைப் பென்சிலால் எடுப்பது

வண்டியின் முன் நிற்கும்போது நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான். பெரும்பாலான பைக்குகளில் சேஸ் எண் ஹேண்டில் கழுத்தின் வலப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, ஒயர்களை விலக்கி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அந்த இடத்தைத் துடைத்தால் எண் தெளிவாகத் தெரியும். பிறகு மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துவைத்து லேசாகத் தேய்த்தால் 17 எழுத்துகளும் தாளில் பதிந்துவிடும். கண்ணால் படிப்பதைவிட இது நம்பகமானது; கையில் ஆதாரமாகவும் இருக்கும்.

தாளில் விழுந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். இந்த 17 இலக்க எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வருவதில்லை. 1, 0 என்ற எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே அவை விலக்கப்பட்டன. ஆகவே வட்டமாக ஏதேனும் தெரிந்தால் அது சுழியம்தான். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும்: டி.வி.எஸ். வண்டிகளுக்கு எம்.டி.6, பஜாஜுக்கு எம்.டி.2, ஹோண்டாவுக்கு எம்.இ.4, ராயல் என்ஃபீல்டுக்கு எம்.இ.3. பஜாஜ் டேங்க் மாட்டிய வண்டியின் கழுத்தில் வேறு தொடக்கம் இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை.

எண் பொருந்தினாலும் பொறிப்பைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் பொறித்த எழுத்துகள் ஒரே ஆழத்திலும் ஒரே இடைவெளியிலும் இருக்கும். சுத்தியலும் அச்சுமாகக் கையால் அடித்த எண்ணில் ஒரு எழுத்து ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும். சுற்றிலும் உலோகம் தேய்க்கப்பட்டு வழவழப்பாக இருந்தாலோ, அந்த நாலு விரற்கடை இடத்தில் மட்டும் புது பெயின்ட் மின்னினாலோ, கழுத்தைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தாலோ வாங்கும் எண்ணத்தைக் கைவிடலாம். 1996இல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற, ஆசைக்காக விலை ஏறிப்போன வண்டிகளில் இந்தக் கழுத்தை மிக நிதானமாகப் பார்க்க வேண்டும். அவற்றில் நல்ல ஆர்.சி.க்கே தனி விலை இருப்பதால், அந்த ஆர்.சி.க்குப் பொருந்தும் எண்ணை வேறு வண்டியின் சேஸ்மேல் ஏற்றும் ஆசை சிலருக்கு வந்துவிடுகிறது. இத்தகைய பழைய வண்டிகளில் சிலவற்றின் விவரம் கணினிப் பதிவேட்டில் ஏறாமலே இருக்கும். அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஏற்றித் தருவதும் விற்பவரின் பொறுப்பே.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கச் சென்ற 125 சிசி வண்டி ஒன்றில், பென்சில் தாளில் 8 என்று விழுந்த இடத்தில் ஆர்.சி.யில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. விற்கவிருந்தவர் பள்ளி ஆசிரியர். புதிதாக வாங்கி ஒரே கையில் வைத்திருந்தவர். அதிர்ந்துபோய் உள்ளே சென்று, ஷோரூமில் கொடுத்த பில்லை எடுத்து வந்தார். அதில் 8 என்றே இருந்தது. பதிவின்போது தட்டச்சில் நேர்ந்த பிழை. காப்பீட்டுப் பத்திரத்திலும் அதே பிழை நகலாகியிருந்தது. எட்டு ஆண்டுகளாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. திருட்டுப்போய் இழப்பீடு கேட்டிருந்தால் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். பொருந்தாத எண் எல்லாமே மோசடி அல்ல. ஆனால் திருத்தம் செய்து வாங்க வேண்டியவர் பதிவு பெற்ற உரிமையாளர். விற்ற பிறகு அந்த அலைச்சல் நமக்கு வந்து சேரும். அவர் திருத்தி முடிக்கும்வரை காத்திருந்து அதை நான் வாங்கவில்லை என்பதில் இன்றும் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. வண்டி நன்றாகவே இருந்தது.

என்ஜின் எண் பெரும்பாலும் கியர் லீவர் பக்கத்து கிராங்க் கேஸின் அடிப்பகுதியில், எண்ணெயும் மண்ணும் கலந்த அழுக்கின் அடியில் இருக்கும். என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். "என்ஜின் மட்டும் மாத்தினது, சேஸ் ஒரிஜினல்தான்" என்ற சமாதானம் பதிவு அலுவலகத்தில் செல்லாது.

சிறப்பாகக் கவனிக்க வேண்டிய வண்டிகள்

இறந்தவரின் பெயரிலுள்ள வண்டி அடிக்கடி சந்தைக்கு வருகிறது. தந்தை காலமான பின் மகன் விற்கிறார். விலையும் குறைவாக இருக்கும். ஆனால் மகன் உரிமையாளர் அல்லர். முதலில் படிவம் 31இன்படி, இறப்புச் சான்றும் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வைத்து, வண்டியை வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே அவர் விற்க முடியும். வாரிசுச் சான்றில் தாயும் இரு சகோதரிகளும் இருந்து, அவர்களில் ஒருவருக்கு இந்த விற்பனையே தெரியாது என்ற நிலை நம் குடும்பங்களில் புதிதல்ல. நாற்பதாயிரம் ரூபாய் வண்டிக்காகப் பிறருடைய பாகப்பிரிவினைக்குள் நாம் நுழைய வேண்டாம்.

மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலாகிக் காவல்துறை ஏலம் விடும் வண்டிகள் வேறு வகை. முறையான ஏலத்தில் எடுத்த வண்டிக்கு ஏல உத்தரவும் பணம் கட்டிய ரசீதும் இருக்கும். பெயர் மாற்றம் படிவம் 32இன்படி நடக்கும். ஏலம் எடுத்தவரே தம் பெயருக்கு மாற்றாமல் நமக்கு விற்க வந்தால், மாற்றிவிட்டு வரச் சொல்ல வேண்டும். விபத்து வழக்கிலோ வேறு குற்ற வழக்கிலோ நீதிமன்றம் இடைக்காலமாக விடுவித்த வண்டிகளும் உண்டு. வழக்கு முடியும்வரை விற்கவோ மாற்றியமைக்கவோ மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தே அவற்றைப் பெரும்பாலும் வாங்கி வந்திருப்பார்கள். "இந்த வண்டி மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்டு, அந்தப் பதிலை விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம், கடலூர்ப் பக்கம் புதுச்சேரிப் பதிவெண் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். பிற மாநிலப் பதிவோடு ஒரு வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கே இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். அதற்குப் படிவம் 28இன்படி அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, வண்டியின் வயதுக்கேற்ப இங்கே ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும். அந்த வரியைக் கூட்டிப் பார்த்தால் மலிவு என்று நினைத்தது பல சமயம் மலிவாக இருப்பதில்லை.

ஓட்டமும் விழுந்த கதையும்

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நான் தொடக்கப்புள்ளியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். நாளுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றாலே 9,000 ஆகிறது. அலுவலகம் போய்வந்த ஏழு வயது வண்டி 18,000 காட்டினால் கணக்கு உதைக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. 2019இல் வாங்கிய வண்டியில் 2022 டயர் இரண்டு இருந்து, மீட்டர் 14,000 மட்டும் காட்டினால், அவ்வளவு சீக்கிரம் டயர் தேய்ந்தது எப்படி என்று கேட்க வேண்டும். பிரேக் பெடலின் நுனியும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் மீட்டரைவிட உண்மை பேசும். சர்வீஸ் பில்களில் தேதியோடு கிலோமீட்டரும் இருக்கும் என்பதால், பழைய பில் ஒன்றிரண்டு கிடைத்தாலும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

விபத்து நடந்ததா என்று அறியக் காப்பீட்டுப் பத்திரத்திலுள்ள நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கட்டணக் கழிவின் விகிதம் உதவும். சொந்தச் சேதக் காப்பீட்டில் கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று அது ஏறும். நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் புதுப்பித்துவந்த பத்திரத்தில் போனஸ் சுழியம் என்றால், சென்ற ஆண்டு கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் தேர்டு பார்ட்டி காப்பீடு மட்டும் எடுத்த பத்திரத்திலும், புதுப்பிக்காமல் 90 நாளுக்கு மேல் விட்ட பத்திரத்திலும் இந்தத் தடயம் கிடைக்காது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டுத் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அது. அதனால் அண்மைக்கால வண்டிகளில் தேர்டு பார்ட்டி நடப்பில் இருந்தும் சொந்தச் சேதக் காப்பீடு காலாவதியாகியிருக்கலாம். இரண்டு தேதிகளையும் தனித்தனியே பாருங்கள்.

சென்னையின் 2015 வெள்ளமும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வந்த வெள்ளமும் எத்தனையோ வண்டிகளை மூழ்கடித்தன. சீட்டைத் தூக்கி, பேட்டரிப் பெட்டியின் மூலைகளில் உலர்ந்த வண்டல் படிந்திருக்கிறதா, ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பணமும் பெயர் மாற்றமும்

எல்லாம் பொருந்தினால் பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். புரோக்கரின் கணக்குக்கோ வேறு யாருடைய யு.பி.ஐ. எண்ணுக்கோ கூடாது. வங்கிக் கணக்கிலுள்ள பெயர் ஆர்.சி.யிலுள்ள பெயரோடு பொருந்துவதே இன்னொரு சான்றாகிவிடும். பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவாகும்வரை ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக முன்பே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வண்டியைக் கையில் வாங்கும்போது தேதியோடு நேரத்தையும் கிலோமீட்டரையும் எழுதிய டெலிவரி ரசீதில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அன்று மதியம் வரை நடந்தது அவருடையது, அதன் பிறகு நடப்பது நம்முடையது என்று காட்ட அந்த நேரக் குறிப்புதான் உதவும். இரண்டாவது சாவியையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாட்கள் உண்டு. அந்த 30 நாளையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதில்லை. முடிந்தால் பணம் கொடுக்கும் அன்றே உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கைப்பேசிக்கு வரும் கடவுச்சொல்லை வாங்கி விண்ணப்பித்துவிடலாம். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

வண்டி கைமாறிய நாளிலிருந்து தேர்டு பார்ட்டி காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் கருதுகிறது. ஆயினும் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. பழைய உரிமையாளர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது. ஆகவே அந்தக் கழிவுத் தொகையை நம்மிடம் வசூலிப்பார்கள்.

தமிழ்நாட்டில் ஆர்.சி. அட்டை இப்போது விரைவு அஞ்சலில்தான் வருகிறது என்பதால், விண்ணப்பத்தில் தபால்காரர் கண்டுபிடிக்கக்கூடிய முகவரியை எழுத வேண்டும். அட்டை வந்ததும் பெயர், தந்தை பெயர், எச்.பி. கட்டம், கடைசியாகச் சேஸ் எண் என்று ஒவ்வொன்றாகப் பென்சில் தாளை வைத்துச் சரிபார்த்து, பிழை இருந்தால் அந்த வாரமே திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அந்தத் தாளையும் டெலிவரி ரசீதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது நீங்கள் இந்த வண்டியை விற்கும்போது, வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.